மறு: ஓவர்கிளாக்கிங், மெமரி டைமிங் – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். மொரீஷியஸில் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கான கணினிக் கையேட்டில் இந்த இரண்டு சொற்களையும் எப்படி எழுதுவது என்ற பேச்சுக்கு என் பதில் இது. ஓவர்கிளாக்கிங் என்பது செயலியையோ நினைவகத்தையோ அதற்கென்று வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது; மெமரி டைமிங் என்பது நினைவகம் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் எண்கள்.

> ஓவர்கிளாக்கிங் = மிகைக்கடிகாரமாக்கம்; மெமரி டைமிங் = நினைவக நேரம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது ஐயா. முதல் சொல்லில் உடனே தெரியும் குறை நீளம்தான். இரண்டாவது சொல் படிப்பவரைத் தவறான முடிவுக்கே கொண்டுபோய்விடும். அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கணினியின் நினைவகமான ரேம் பட்டையின் மேல் 16-18-18-38 என்பதுபோல நான்கு எண்கள் ஒட்டியிருக்கும். இவை நேரமே அல்ல, துடிப்புகளின் (சில்லு வேலை செய்யும் கதியைத் தரும் மின்சைகைகளின்) எண்ணிக்கை. நினைவகச் சில்லுக்குள் தரவு நிரை, நிரல் என்று கட்டம் கட்டமாக உட்கார்ந்திருக்கிறது. படிக்கச் சொன்னபின் தரவு வெளியே வர 16 துடிப்பு; இதைத்தான் சிஎல் என்பார்கள். அதற்கு முன் நிரையைத் திறந்துவிட்டுப் பொறுத்திருக்க வேண்டியது 18. திறந்ததை மூடி அடுத்ததற்குத் தயாராக இன்னொரு 18. ஒரு நிரை குறைந்தது 38 துடிப்பாவது திறந்திருக்க வேண்டும். ஒரு துடிப்பு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதோ வேகத்தைப் பொறுத்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். டிடிஆர்4-3200 என்ற நினைவக வகையில் 3200, நொடிக்கு எத்தனை மில்லியன் முறை தரவு கைமாறுகிறது என்பதைக் குறிக்கிறது. ஒரு துடிப்புக்கு இரண்டு முறை கைமாறுவதால் உண்மையான துடிப்பு 1600 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு துடிப்புக்கு 0.625 நானோநொடி. சிஎல் 16 என்றால் 10 நானோநொடி. அதற்கடுத்த தலைமுறையான டிடிஆர்5-6000 பட்டையில் துடிப்பு 3000 மெகாஹெர்ட்ஸ். அங்கே சிஎல் 30 என்று போட்டிருந்தாலும் அதே 10 நானோநொடிதான். ‘நினைவக நேரம் 16’, ‘நினைவக நேரம் 30’ என்று நாம் எழுதி வைத்தால் மாணவர் என்ன நினைப்பார்? புதியது ஏறக்குறைய இரண்டு மடங்கு மந்தம் என்றுதானே! போர்ட் லூயிஸில் கடைக்குப் போய்க் காசை எண்ணிக் கொடுக்கும் நேரத்தில் இந்தக் குழப்பம் அவருக்கு வரக் கூடாது.

> ‘சுணக்கத் துடிப்பு’ எப்படி? லேட்டன்சிக்கு (கேட்டபின் தரவு வரும்வரை காத்திருப்பது) சுணக்கம் என்று எழுதிப் பழகிவிட்டோமே.

சிஎல் ஒன்றுக்கு மட்டும் பெயர் வேண்டுமென்றால் இப்போதே சம்மதம் அக்கா, அதற்கு இதுவே இருக்கட்டும். ஆனால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரையில்) அந்தப் பட்டியலைக் கீழே இழுத்துப் பார்த்தால் புதுப்பிப்பு இடைவெளி என்று ஒன்று வரும். நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும், அதனால் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். டிடிஆர்4 வரையறைப்படி எல்லா நிரைகளும் 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கான கட்டளை சராசரியாக 7.8 மைக்ரோநொடிக்கு ஒன்று. 3200 வேகத்தில் அது 12,480 துடிப்பு. மற்ற எண்களைக் குறைத்தால் வேகம் கூடும். இதை மட்டும் கூட்டினால்தான் வேகம் கூடும். இதைப் போய்ச் சுணக்கம் என்று எப்படிச் சொல்வது?

நம் ஊரில் இதைக் கவனமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வெப்பம் ஏற ஏறக் கசிவு கூடும். சில்லு 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி புதுப்பிக்கச் சொல்கிறது வரையறை. ஜூலை மாதக் குளிரில் கியூர்பிப்பில் சோதித்துப் பார்த்து நன்றாக ஓடிய அமைப்பு, ஜனவரி வெயிலில் போர்ட் லூயிஸில் பிழை காட்டலாம். கணினி அணைந்துவிட்டால்கூடப் பரவாயில்லை. சேமித்த கோப்பு சத்தமில்லாமல் கெட்டுப்போவதுதான் கொடுமை.

ஆக, எல்லாவற்றுக்கும் பொதுவாக என் பரிந்துரை ‘துடிப்புக் கணக்கு’. காத்திருப்பு, இடைவெளி, திறந்திருக்கும் காலம் எல்லாமே துடிப்பால் எண்ணப்படுபவை. மிருதங்கம் படித்தவருக்குக் கணக்கு என்ற சொல் இந்தப் பொருளில் சட்டென்று பிடிபடும்.

அடுத்து ஓவர்கிளாக்கிங். இங்கே நம் பிள்ளைகள் பிரெஞ்சிலும் படிக்கிறார்கள். பிரெஞ்சில் இதற்குச் ‘சுர்கதான்சாஜ்’ என்று ஒரு சொல் உண்டு. அதில் கடிகாரம் கிடையாது, தாளகதிதான் இருக்கிறது. நாமும் கடிகாரத்தை விட்டுவிட்டுத் துடிப்பைப் பிடித்துக்கொள்ளலாமே: ‘துடிப்பேற்றம்’. ‘செயலியைத் துடிப்பேற்றினேன்’ என்று வினையாகவும் வரும். அண்டர்கிளாக்கிங்குக்குத் ‘துடிப்பிறக்கம்’ தானாகவே கிடைத்துவிடுகிறது. ‘மிகைத்துடிப்பு’ என்று ரோஸ் ஹில் நண்பர் சொன்னது எனக்கு ஒட்டவில்லை. ஏதோ நோயின் பெயர்போல ஒலிக்கிறது, வேண்டுமென்றே ஏற்றுவது என்ற பொருளும் அதில் இல்லை.

இரண்டு சொல்லிலும் துடிப்பு இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. செயலியின் வேகம் அடித்துடிப்பையும் பெருக்கியையும் பெருக்கி வருவது: 100 மெகாஹெர்ட்ஸ், 50 மடங்கு, 5000. பெருக்கியை மட்டும் ஏற்றினால் நினைவகம் அதன்பாட்டுக்கு இருக்கும். அடித்துடிப்பை 103 ஆக்கினால், பெரும்பாலான தாய்ப்பலகைகளில் நினைவகமும் கூடவே 6000-லிருந்து 6180-க்கு ஏறிவிடும். துடிப்புக் கணக்கு 30 என்றே இருந்தாலும், அந்த 30 துடிப்பு இப்போது 9.71 நானோநொடியில் முடிந்துவிடும். சில்லால் அதற்குள் தரவைத் தர முடியாவிட்டால் பிழைதான். ‘கடிகாரம்’ ஒரு பக்கமும் ‘நேரம்’ இன்னொரு பக்கமும் இருந்தால் இந்தத் தொடர்பு கண்ணிலேயே படாது.

1998-இல் மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழின் இடத்துக்காகக் குரல் கொடுத்த சமூகம் நம்முடையது. அதே தமிழ் நம் பிள்ளைகளுக்குப் பயாஸ் திரையின் முன்னாலும் பயன்பட வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

வோல்டேஜுக்கு மின்னழுத்தம் இருக்கிறது. நினைவகத்துக்கு முன்கூட்டியே வைத்த வேக அமைப்புகளான எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டும் பெயர்கள், அப்படியே விட்டுவிடலாம். கையேட்டுக்கு ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்:

“துடிப்பேற்றத்துக்குப் பின் பிழை வந்தால், முதலில் நினைவகத்தின் துடிப்புக் கணக்கைத் தளர்த்திப் பாருங்கள், மின்னழுத்தத்தைத் தொடுவது அதற்கு அப்புறம்.”

மாலை வகுப்பில் இதை வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் பிள்ளைகள் தடுக்குகிறார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
காத்ர் போர்னிலிருந்து