பவர்பேங்க்ல ஏர் பம்ப் நின்னு நின்னு போகுது, அவசரம்

நீலத்தொட்டி, பகல் 11.40
காலைல 6 மணிலேர்ந்து கரண்ட் இல்ல. மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. யூஎஸ்பி ஏர் பம்ப்ப பவர்பேங்க்ல சொருகினா அரை நிமிஷம் ஓடி நின்னுடுது. என்ன பண்றது? சீக்கிரம் சொல்லுங்க.

கூழாங்கல்
என்ன மீன், எத்தனை? தொட்டி எவ்ளோ பெருசு?

அலையாத்தி
முதல்ல மீன் பேர் சொல்லுங்க. கௌராமி, ஃபைட்டர்னா மேல வந்து காத்து குடிக்கிறது இயல்பு. கோல்டு ஃபிஷ்னா ஆபத்து. சாப்பாடு போடாதீங்க. மக்குல தண்ணிய மோந்து அரை அடி உயரத்துலேர்ந்து திரும்ப ஊத்திக்கிட்டே இருங்க.

சங்குப்பூச்சி
பம்ப்ல டயாஃப்ரம் (காத்த தள்ளுற ரப்பர் சவ்வு) கிழிஞ்சிருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆச்சு, மாத்துங்க.

பழைய தொட்டி
20 வருஷமா வளர்க்கறேன். தொட்டி வாங்கும்போதே இன்வர்ட்டரும் போடுங்கன்னு இங்க எத்தனை தடவ எழுதறது? தேடிப் படிக்கவே மாட்டீங்களா? 5 வாட் பம்ப்ப வீட்டு 150 ஏஎச் பேட்டரி நாள்கணக்கா ஓட்டும்.

கூழாங்கல்
ஐயா, ஸ்கொயர் வேவ் (கரண்ட் சீரான அலையா வராத ரகம்) இன்வர்ட்டர்ல போட்டா காந்த பம்ப் உறுமும், சூடாகும். வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரா தர்ற சைன் வேவ்னு சேர்த்துச் சொல்லுங்க.

பழைய தொட்டி
என் ஸ்கொயர் வேவ்ல 6 வருஷமா ஓடுது. உறுமினா உறுமட்டும்.

கூழாங்கல்
உங்களுக்கு ஓடினா எல்லாருக்கும் ஓடணுமா? எனக்கு ரெண்டு பம்ப்ல காயில் கருகிடுச்சு.

மழைத்துளி
இன்வர்ட்டர் சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க, அங்க மீன் சாகுது. பம்ப் நல்லாத்தான் இருக்கு. அது இழுக்கிற கரண்ட் ரொம்பக் கம்மி. அதனால போன் சார்ஜ் ஏறி முடிஞ்சதுன்னு நெனச்சு பவர்பேங்க் தானே அணைஞ்சிடும். பக்கத்து போர்ட்ல சார்ஜ் கம்மியா இருக்கிற போன் ஒண்ண சொருகி வைங்க, அணையாது. பம்ப்ப தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க. கீழ இருந்தா, நிக்கும்போது டியூப் வழியா தண்ணி இறங்கும்.

அலையாத்தி
கேனிஸ்டர் ஃபில்டரா (தொட்டிக்கு வெளிய வைக்கிற மூடின டப்பா)? அப்படின்னா கரண்ட் வந்ததும் அப்படியே போடாதீங்க. இத்தனை மணி நேரம் உள்ள அடைஞ்சு கிடந்த தண்ணில ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணிய சுத்தம் பண்ற பாக்டீரியா செத்திருக்கும். அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, ஸ்பாஞ்ச தொட்டித் தண்ணில அலசிட்டுப் போடுங்க.

நீலத்தொட்டி, மாலை 4.15
கோல்டு 6, தொட்டி 2 அடி. போன் ஒண்ணையும் சேர்த்து சொருகினதும் பம்ப் ஓடுது. ஒரு மீன் செத்துப் போயிடுச்சு. மத்த 5 கீழ இறங்கிடுச்சு. இப்பத்தான் கரண்ட் வந்துச்சு. நன்றி.

அலையாத்தி
ஃபில்டர அலசினீங்களா?

அலையாத்தி, இரவு 9.30
இருக்கீங்களா? ஃபில்டர் என்னாச்சு?