மலேசியா விமானம் காணாமப்போன அந்த சனிக்கிழமை: நீங்க எங்க இருந்தீங்க, என்ன கேள்விப்பட்டீங்க?

மல்கோவா

2014 மார்ச் 8. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன். எங்களுக்கு சேலம் அம்மாபேட்டை, வீட்டுலயே குழித்தறி நெசவு. எங்க அண்ணன் அப்போ மலேசியாவுல கிள்ளான்ல ஒரு சாப்பாட்டுக்கடையில வேலை, மூணு வருசம் கழிச்சு மொத தடவையா ஊருக்கு வர்றான். வெள்ளிக்கிழமை ராத்திரி கோலாலம்பூர்ல ஏறி சென்னையில இறங்கி, கோயம்பேட்டுல பஸ் புடிச்சு காலையில ஆறரை ஏழுக்கெல்லாம் நம்ம புது பஸ் ஸ்டாண்டுல இருப்பேன்னு சொல்லியிருந்தான். கையில மலேசியா சிம் மட்டும்தான், இங்க வந்துதான் சிம் வாங்கணும்.

அம்மா அஞ்சு மணிக்கே எந்திரிச்சு கோலம் போட்டு, கறி எடுத்துட்டு வர அப்பாவ வெரட்டிட்டு இருந்தாங்க. நான் டிவி போட்டேன், கீழ ஓடுற எழுத்துல "மலேசிய விமானம் மாயம், 239 பேர் கதி என்ன"ன்னு ஓடுது. அவ்ளோதான். எங்க போற ஃப்ளைட்டு, எத்தன மணி ஃப்ளைட்டுன்னு படிக்கிற நெலமையில யாரும் இல்ல, மலேசியாங்கற ஒரு வார்த்தையே போதுமா இருந்துச்சு. அம்மா அப்படியே தறிக்குழி ஓரமா உக்காந்துட்டாங்க. அப்பா டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டார்.

பத்து நிமிசத்துல தெருவே வீட்டுக்குள்ள. அப்போ கேட்ட பேச்சத்தான் என்னால மறக்கவே முடியல. ஒருத்தர் கடத்திட்டாங்கங்கறார், இன்னொருத்தர் கடல்ல விழுந்தா சீட்டு மெதக்கும் அதப் புடிச்சுக்கிட்டே ரெண்டு நாள் இருக்கலாங்கறார், ஒரு அக்கா சீனாவுல ஏதோ ஊர்ல பத்திரமா எறங்கிடுச்சாம்னு சொல்லுது. யாரும் கெட்ட எண்ணத்துல சொல்லல. ஆனா ஒவ்வொரு பேச்சுக்கும் எங்கம்மா மூஞ்சி மாறுச்சு, சிரிச்சாங்க, அழுதாங்க, மறுபடி சிரிச்சாங்க. கடைசியில பக்கத்து வீட்டு பையன்தான் டிவி பக்கத்துல போய் நின்னு படிச்சுட்டு, "அக்கா, இது பெய்ஜிங் போற ஃப்ளைட்டுக்கா, ராத்திரி பன்னெண்டே முக்காலுக்குக் கெளம்புனதுக்கா"ன்னான். அப்பவும் எங்க அத்தைக்கு சந்தேகம், சென்னை வழியா போகுமோன்னு.

அண்ணன் ஒம்பதே முக்காலுக்கு வந்தான். உளுந்தூர்பேட்டை தாண்டி பஸ்சு பஞ்சராம். அப்பா ஒண்ணும் பேசல, பெட்டியத் தூக்கிட்டு முன்னாடி நடந்தார்.

எங்களுக்கு மூணு மணி நேரத்துல முடிஞ்சது. அந்த 239 பேரு வீட்டுல இன்னும் முடியல. அதுல அஞ்சு பேரு இந்தியர்கள், சென்னையில இருந்து போனவங்களும் உண்டு. அதுக்கப்பறம் அந்த விமானத்தப் பத்தி யாராவது கதை சொன்னா என்னால சும்மா கேட்டுட்டு போக முடியறதில்ல. நீங்க அப்போ என்ன கேட்டீங்க, என்ன நம்புனீங்க, என்ன ஃபார்வர்ட் பண்ணீங்கன்னு எழுதுங்க. யூட்யூப்ல பாத்தது வேண்டாம், உங்களுக்கு நடந்தத மட்டும்.

ஜவ்வரிசி

ஆத்தூர் பக்கம் சேகோ ஃபேக்டரி நமக்கு. களத்துல மாவு காயப்போட்டுட்டு டீக்கடையில உக்காந்தா அந்த மாசம் பூரா இதே பேச்சுதான். இந்தியப் பெருங்கடல்ல அமெரிக்க ராணுவத்தளம் இருக்கற டியாகோ கார்சியா தீவுல அமெரிக்காக்காரன் எறக்கி வச்சிருக்கான்னு எங்க கடையில முடிவே பண்ணிட்டோம். அத அதிகமா சொன்னவன் நான்தான், இப்ப உண்மையச் சொல்றேன். எம் பையன் ஸ்கூல்ல போய் அதச் சொல்லி அவனோட ஃப்ரெண்டுங்க எல்லாம் நம்பி, ஒரு வருசத்துக்கு மேல இதே கதை ஓடுச்சு.

2015 ஜூலை 29 ரீயூனியன் தீவுல றெக்கையோட பின்பக்க துண்டு ஒண்ணு ஒதுங்குச்சில்ல, ஃப்ளாப்பரான்னு சொல்றாங்க, அதுல சிப்பி மாதிரி ஏதோ கொத்துக்கொத்தா ஒட்டியிருக்கற போட்டோவ தினத்தந்தியில பாத்தேன். மாசக்கணக்குல கடல்ல மெதந்த பொருளுக்குத்தான் அப்படி ஒட்டும். அதுக்குள்ள இருந்த நம்பரெல்லாம் ஒத்துப் பாத்து அந்த விமானத்தோடதுதான்னு பிரான்ஸ்காரங்க உறுதி பண்ணாங்க. பின்னாடி மொசாம்பிக், தான்சானியா, மொரீசியஸ்னு அங்கங்க துண்டு கெடச்சுது. தீவுல எறக்கி வச்சிருந்தா துண்டு எப்படி ஒதுங்கும்? அன்னைக்கு பையன உக்கார வச்சு, அப்பா சொன்னது தப்புடா சாமின்னு சொன்னேன். அவன் கேட்டான், அப்ப எதுக்குப்பா அவ்ளோ உறுதியா சொன்னன்னு. எனக்கு பதிலே வரல.

காபிப்பூ

ஏற்காட்டுல இருந்து. மார்ச்சு மாசம், எஸ்டேட்ல ஒரு மழைக்கு காபி பூத்திருந்த நேரம், அதனால நல்லா ஞாபகம் இருக்கு. எங்க லைன் வீட்டுல எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், அந்த பயணிங்களோட ஃபோனுக்கு கூப்ட்டா ரிங் போகுதாமே, அப்ப உயிரோடத்தான இருக்காங்கன்னு. டிவியிலயும் அதையே திரும்பத் திரும்ப காட்டுனாங்க.

எனக்கு அதக் கேக்கவே முடியல. ஏன்னா அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி எங்க பெரியப்பா மகன் குப்பனூர் ரோட்டுல பைக்குல எறங்குனவன் ராத்திரி வீடு வரல. கூப்ட்டா ரிங் போகுது, எடுக்கல. அண்ணி அந்த ரிங்க நம்பியே விடிய விடிய உக்காந்திருந்தாங்க, ரிங் போகுது மாமா, எங்கயோ தூங்கறார் மாமான்னு சொல்லிட்டே. காலையில பால் வண்டிக்காரர்தான் ஒரு வளைவுக்குக் கீழ பள்ளத்துல கெடந்தவனப் பாத்தார். கால் ரெண்டா ஒடஞ்சிருந்துச்சு, உயிர் இருந்துச்சு, சேர்வராயன் புண்ணியம். ஆனா ஃபோனு ராத்திரியே ஓடைத்தண்ணியில நொறுங்கிக் கெடந்திருக்கு. இல்லாத ஃபோனுக்கு எப்படி ரிங் போச்சுன்னு எங்களுக்கு வருசக்கணக்குல புரியல.

அந்த டிவிக்காரங்க ரிங் போகுதுன்னு சொன்னப்ப எனக்கு அண்ணி மூஞ்சிதான் தெரிஞ்சுது.

டவர்காரன்

@காபிப்பூ அக்கா, நான் ஓமலூர், செல் டவர் மெயின்டனன்ஸ்ல பதினாறு வருசம். நம்மகிட்ட கேக்கற அந்த ட்ரிங் ட்ரிங் சத்தம் எதிர்ல இருக்கற ஃபோன்ல இருந்து வர்றதில்ல. நெட்வொர்க் போடுற சத்தம் அது. ஃபோன் எங்க இருக்குன்னு தேடிட்டு இருக்கறப்பவே சில நெட்வொர்க்ல ரிங் கேக்க ஆரம்பிச்சிடும், அதுவும் வெளிநாட்டு ரோமிங்குன்னா இன்னும் நேரமாகும். உங்க அண்ணனுக்கு நடந்ததும் அதுவாத்தான் இருக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும், இது எனக்கே நடந்தது. காணாமப்போன ஒரு பையனத் தேடறப்ப ஸ்டேஷன்ல இருந்து எங்க ஆபீசுக்கு கேட்டாங்க, டவர் எங்க காட்டுதுன்னு. டவருக்கு தெரிஞ்சது ஃபோன் எவ்ளோ தூரத்துல இருக்குங்கறது மட்டும்தான். சிக்னல் போய்ட்டு திரும்ப எவ்ளோ நேரமாகுதுங்கறத வச்சு, ஏறக்குறைய 550 மீட்டர் கணக்குல சொல்லும். அதாவது டவரச் சுத்தி ஒரு வட்டம் போட்டா அந்த வட்டத்துக்கோட்டுல எங்கயோ இருக்கான். அவங்கம்மா என் கையப் புடிச்சுட்டு, வட்டம் வேணாம் கண்ணு, எடத்தச் சொல்லுங்கறாங்க. (பையன் மறுநாளே தாரமங்கலத்துல கெடச்சிட்டான்.)

மலேசியா விமானத்துக்கும் இதேதான் நடந்துச்சு, டவருக்கு பதிலா 36,000 கிலோமீட்டர் உயரத்துல இன்மர்சாட் சாட்டிலைட்டு. விமானத்துல மத்த தொடர்பெல்லாம் போன பிறகும் சாட்டிலைட் பெட்டி மட்டும் மணிக்கொரு தடவ "இருக்கியா", "இருக்கேன்"னு பேசிட்டு இருந்திருக்கு. அந்த பதில் வர எடுத்த நேரத்த வச்சுத்தான் வட்டத்துல ஒரு வில்லு மாதிரி வரைஞ்சாங்க. கடைசி வில்லத்தான் ஏழாவது ஆர்க்குன்னு சொல்றாங்க. தெக்கயா வடக்கயாங்கறத அலைவரிசை மாறுன அளவ வச்சு கண்டுபுடிச்சாங்க. நம்ம ஜங்ஷன்ல நிக்காம போற ரயிலோட ஹாரன் கிட்ட வர்றப்ப ஒரு சுருதி, தாண்டிப் போறப்ப ஒரு சுருதி கேக்குதில்ல, அதே வித்தைதான். அதனால தெற்கு இந்தியப் பெருங்கடல்ங்கறது யாரோ வாய்க்கு வந்தத சொன்னதில்ல. ஆனா அந்த கோட்டுல எந்த எடம்னு சொல்ல முடியல.

நேரத்த நம்ம கடிகாரத்துக்கு மாத்திப் பாத்தேன். பைலட் பக்கத்துல இருந்து கடைசியா குட்நைட் சொன்னது நம்ம ராத்திரி 10:49. சாட்டிலைட்டுக்கு கடைசி சிக்னல் வந்தது காலையில 5:49. ஆனா விமானம் காணோம்னு கம்பெனி அறிவிச்சது 4:54க்கே. அதாவது காணோம்னு உலகத்துக்கு சொன்னப்ப அது இன்னும் பறந்துட்டுதான் இருந்திருக்கு. இது தெரிஞ்ச அன்னைக்கு நான் டவர் மேல இருந்து எறங்கி கொஞ்ச நேரம் அப்படியே கீழ உக்காந்துட்டேன்.

தட்டுவடை

நான் அப்போ இன்ஜினியரிங் மூணாவது வருசம், ஹாஸ்டல்ல இருந்தேன். டாம்நாட்னு ஒரு சைட்டு, சாட்டிலைட் படத்த துண்டு துண்டா குடுப்பாங்க, சாதாரண ஜனங்களே பாத்து சந்தேகமா எதாவது தெரிஞ்சா குறி வைக்கலாம். லட்சக்கணக்கான பேரு பண்ணாங்க. எங்க ரூம்ல மூணு பேரு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பாப்போம். எல்லாமே நீலம், நீலம், நீலம். எங்கயாவது வெள்ளையா ஒரு புள்ளி தெரிஞ்சா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், பெருசு பண்ணிப் பாத்தா அலை நுரை. நான் மட்டும் நூறு குறியாவது வச்சிருப்பேன்.

மார்ச் 15 மலேசியப் பிரதமர் டிவியில வந்து விமானம் மேக்க திரும்பிடுச்சுன்னு சொல்றாரு. நாங்க ஒரு வாரமா கண்ணு எரிய எரிய பாத்தது தாய்லாந்து வளைகுடாவ. தப்பான கடல். என் ரூம்மேட் லேப்டாப்ப மூடிட்டு அழுதுட்டா. ஆனா அந்த ஒரு வாரம் வீணுன்னு எனக்கு இன்னைக்கும் தோணல. நாங்க தேடவாவது செஞ்சோம், ஃபேஸ்புக்ல அந்த விமானத்தோட கேப்டன் மேல பழி போட்டு எழுதிட்டு இருந்தவங்க எவ்ளோ பேரு, அவருக்கும் குடும்பம் இருக்குதானே. 2018ல வந்த விசாரணை அறிக்கையே காரணத்த உறுதியா சொல்ல முடியலன்னு முடிச்சிருக்கு, விமானத்த கையால திருப்பியிருக்காங்க, வேற யாரோ தலையிட்டிருக்கறதையும் மறுக்க முடியாதுன்னுதான் இருக்கு. அப்பறம் நாம எப்படி ஒருத்தர் பேரச் சொல்லி தீர்ப்பு எழுதறது?

ஏத்தக்கால்

என்ன சொன்னாலும் எனக்கு டவுட்டு போகல. கையில இருக்கற ஃபோனக் கண்டுபுடிக்கற காலத்துல அவ்ளோ பெரிய போயிங் 777ஐ காணோம்னா எப்படிங்க நம்பறது? யாருக்கோ தெரியும்.

டவர்காரன்

@ஏத்தக்கால் அண்ணே, சந்தேகம் நியாயந்தான், நான் தப்பு சொல்லல. ஆனா ஃபோனக் கண்டுபுடிக்கறது சுத்தி டவர் இருக்கறதால. சேலத்துல இருந்து ஏற்காடு ஏறறப்பவே பாதி கொண்டை ஊசி வளைவுல சிக்னல் விட்டுப்போகுது, நடுக்கடல்ல யாரு டவர் வச்சிருக்கா. ரேடாரும் கரையில இருந்து கொஞ்ச தூரந்தான். 2017 ஜனவரி வரைக்கும் 1,20,000 சதுர கிலோமீட்டர் கடல் அடிய தேடுனாங்க. நம்ம தமிழ்நாடே மொத்தம் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். அவ்ளோத்தையும் இருட்டுல, பல எடத்துல நாலு கிலோமீட்டர் ஆழத்துல, சோனார்ங்கற ஒலிக்கருவிய வச்சு தடவிப் பாத்திருக்காங்க.

சேலத்துப்பொண்ணு_தாம்பரம்

@ஏத்தக்கால் அண்ணா, எனக்கும் உங்கள மாதிரிதான் இருந்துச்சு, 2016 வரைக்கும். கல்யாணமாகி தாம்பரத்துல இருக்கேன், ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் பக்கம், விமானச் சத்தம் எங்களுக்கு பால்காரர் மணி மாதிரி. ஜூலை 22 காலையில அங்கிருந்து போர்ட் பிளேருக்கு கெளம்புன ஏஎன்-32ங்கற ஏர்ஃபோர்ஸ் விமானம் வங்கக்கடல் மேல காணாமப்போச்சு. 29 பேரு. அன்னைக்கும் எங்க தெருவுல அதே பேச்சு, சீனாக்காரன் இழுத்துட்டான், தீவுல எறக்கிட்டாங்கன்னு. கடையில அரிசி வாங்க நின்னப்ப நானே ஒரு அம்மாகிட்ட அதச் சொல்லிட்டேன், அவங்க ஒண்ணும் சொல்லாம பையக்கூட எடுக்காம போயிட்டாங்க. அவங்களுக்கு வேண்டியவங்க யாராவது அதுல இருந்தாங்களான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்தக் கடைக்கு நான் அப்பறம் போகவே இல்ல.

ஏழரை வருசம் கழிச்சு 2024 ஜனவரியில, நம்ம சென்னையில இருக்கற தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தோட தானியங்கி நீர்மூழ்கி, கடலுக்கடியில 3,400 மீட்டர் ஆழத்துல அதோட பாகங்கள படம் எடுத்துச்சு. சென்னைக்கு நேரா இருக்கற கடல்லயே, தெரிஞ்ச பாதையில போன விமானத்துக்கே ஏழரை வருசம்.

மல்கோவா

எல்லாத்தையும் அம்மாவுக்கு ராத்திரி உக்காந்து படிச்சுக் காட்டுனேன். காபிப்பூ அக்கா எழுதுனதுக்கு "பாவம் அந்தப் புள்ள"ன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. டவர்காரர் அண்ணா எழுதுன 5:49ங்கற எடத்துல நிறுத்தச் சொல்லிட்டு, அப்ப நான் வாசல்ல கோலம் போட்டுட்டு இருந்தேன்ல, அந்த 239 பேரு வீட்டுலயும் யாராவது அவங்களுக்காக சமைச்சிட்டு இருந்திருப்பாங்கன்னு சொன்னாங்க.

ஓஷன் இன்ஃபினிட்டின்னு ஒரு கம்பெனி, 2018லயும் தேடுனவங்கதான், 2025 மார்ச்சுல மலேசிய அரசு மறுபடி அவங்களுக்கு ஒப்புதல் குடுத்துச்சு, புதுசா 15,000 சதுர கிலோமீட்டர், கண்டுபுடிச்சாத்தான் 7 கோடி டாலர், இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு ஒப்பந்தம். இதையும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் தறியையே பாத்துட்டு இருந்தாங்க.

"கெடச்சா எனக்குச் சொல்லு கண்ணு. தூங்கிட்டிருந்தாலும் எழுப்பிச் சொல்லு"ன்னாங்க.