புதுப்பிப்பு: டேனிஷ்–ஆங்கில மொழிபெயர்ப்பு ஆய்வுக்கான உதவித்தொகை

டேனிஷ் இலக்கியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை முனைவர் பட்டத்துக்கு ஆராய, பிரிட்டனில் உதவித்தொகைக்கு முயல்வதா டென்மார்க்குக்குச் செல்வதா என்று சில மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பிரிட்டனில் நான் விண்ணப்பித்த பல்கலைக்கழகம், பொருள் மிக விரிந்தது என்று மறுத்துவிட்டது. வருந்தினாலும், அந்தக் குறை உண்மைதான்.

ஆகவே ஆய்வை ஒரே நாவலுக்குச் சுருக்கியுள்ளேன். டேனிஷ் எழுத்தாளர் பீட்டர் ஹோவின் ஸ்மில்லா நாவல் 1992இல் டேனிஷில் வந்தது. அதை ஆங்கிலத்தில் பெயர்த்த டீனா நன்னலியின் பெயர் அமெரிக்கப் பதிப்பில் இருக்கிறது. ஆசிரியரும் பிரிட்டிஷ் பதிப்பகமும் செய்த திருத்தங்களை அவர் ஏற்காததால், பிரிட்டிஷ் பதிப்பில் எஃப். டேவிட் என்ற புனைபெயர் இடம்பெற்றது. ‘பனியைப் பற்றிய ஸ்மில்லாவின் உணர்வு’ என்று பொருள்படும் டேனிஷ் தலைப்பில், உணர்வைக் குறிக்கும் ‘ஃபோர்னெமெல்செ’ என்ற சொல்லே அமெரிக்காவில் ‘சென்ஸ்’ என்றும் பிரிட்டனில் ‘ஃபீலிங்’ என்றும் பிரிந்துபோயிற்று. ஒரு சொல்லுக்கே இவ்வளவு என்றால், வாக்கியங்களில் என்னென்ன நடந்திருக்கும் என்பதே இப்போது என் கேள்வி.

நிதியைப் பொறுத்தவரை, நீங்கள் பலரும் சொன்னதே சரி: டென்மார்க்கில் முனைவர் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் மூன்றாண்டுகளுக்கு ஊதியம் பெறும் பணியாளராகவே நியமிக்கப்படுகிறார்; கற்பித்தலும் அதில் அடங்கும். அங்கு விண்ணப்பித்துவிட்டேன், முடிவு இன்னும் வரவில்லை.