கேத்தி: ஓடைக்கரை அரிக்குது, தடுப்புச்சுவர் கட்டலாமா?

கேத்தி_காரட்

நீலகிரியில் கேத்தி பள்ளத்தாக்கில் 60 சென்ட், படிப்படியாக மேடை வெட்டிய நிலம். காரட், உருளை. நிலம் 10 மீட்டருக்கு 3 மீட்டர் இறக்கம். மேலே தார் ரோடு, கீழே ஓடை. ஐப்பசி மழையில் ஓடைக்கரை ஒன்றரை அடி உள்வாங்கிவிட்டது. மேலிருந்து மூன்றாவது மேடை உடைந்து, மண் கீழ்ப்பாத்தியை மூடிக் கிடக்கிறது. ஓடைப்பக்கம் 40 அடிக்குக் கருங்கல் சுவர் கட்டச் சொல்கிறார் மேஸ்திரி. கிக்குயு புல் விட்டாலே போதும் என்கிறார்கள் சிலர். எது சரி?

மண்ணும்கல்லும்

சுவர் கடைசி வேலை. முதலில் மூன்றாவது மேடை ஏன் உடைந்தது என்று பாருங்கள். உடைப்புக்கு மேலே, விளிம்பு ஓரம் வழவழப்பாக வண்டல் படிந்திருந்தால் தண்ணீர் அங்கே தேங்கி வழிந்திருக்கிறது என்று அர்த்தம். அதாவது மேடை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அடுத்த மழையில் குடையோடு போய் ரோட்டுத் தண்ணீர் எந்த இடத்தில் உங்கள் நிலத்துக்குள் இறங்குகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

மேடையின் அகலம் எவ்வளவு?

கேத்தி_காரட்

டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) பிடித்துப் பார்த்தேன், வெளிப்பக்கம் 6 செ.மீ. தாழ்வு. அகலம் 5 மீட்டர். விளிம்பில் நீங்கள் சொன்ன வண்டலும் இருக்கிறது.

மண்ணும்கல்லும்

30 சதவீதச் சரிவில் 5 மீட்டர் மேடை என்றால் படி உயரம் ஒன்றேமுக்கால் மீட்டர் வரும். அவ்வளவு உயர மண்சுவர் நனைந்தால் நிற்காது. படியை 1.2 மீட்டராக வைத்து, சுவரை ஒரு மீட்டர் உயரத்துக்கு அரை மீட்டர் உள்ளே சாய்த்து வெட்டினால், மேடைக்கு 3.4 மீட்டர் கிடைக்கும். இடம் குறைகிறதே என்று தோன்றும், ஆனால் உடைந்தால் அதைவிட அதிகம் போகும்.

மேடையின் உள்பக்கம் 40-க்கு 1 தாழ்வு, அதாவது 8, 9 செ.மீ. நீளவாக்கில் 120-க்கு 1: 30 மீட்டர் நீளத்துக்கு 25 செ.மீ. வெளிவிளிம்பில் ஒரு சாண் வரப்பு. உள்மூலையில், படியின் அடியில் காணா (வடிகால்), ஒரு அடி அகலம், முக்கால் அடி ஆழம். 10 மீட்டருக்கு ஒரு வண்டல் குழி. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அள்ளாவிட்டால் குழி இருந்தும் பயனில்லை. காணாவை ஓரத்தில் கல் பதித்த இறங்குவாய்க்காலில் சேருங்கள். ஒவ்வொரு படியிலும் தண்ணீர் விழும் இடத்தில் பெரிய கல் போடாவிட்டால் அடுத்த உடைப்பு அங்கேதான்.

வெட்டும்போது மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்து, கடைசியில் பரப்புங்கள். அடிமண் மேலே வந்தால் முதல் போகமே அடிவாங்கும். உடைந்து விழுந்த மண்ணை உங்கள் நிலத்துக்குள்ளேயே ஏற்றலாம். வேறு தோட்டத்து மண்ணை மட்டும் கொண்டுவராதீர்கள். ஊட்டியில் 1961-லேயே கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் நூற்புழுவின் முட்டைக்கூடு மண்ணோடு வரும், வந்தால் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். வாடகைக்கு வரும் ஜேசிபியின் பக்கெட்டையும் கழுவிவிட்டு இறக்குங்கள்.

ஓடைக்காரர்

கரையைப் பற்றி. நேர்ச்சுவர் கட்டி ஓடையைக் குறுக்கினால் தண்ணீர் வேகம் கூடி அடியைத் தோண்டும், எதிர்க்கரைக்காரர் நிலத்தையும் தின்னும். கரையை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் சாய்த்து வெட்டுங்கள். அடியில் ஓடைமட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே தோண்டி, ஒரு ஆள் தூக்க முடியாத கற்களாக அடுக்குங்கள். கல்லுக்குப் பின்னால் சரளை. அது இல்லாவிட்டால் மண் இடுக்கு வழியே கசிந்து, வெளியே கல் அப்படியே நிற்க உள்ளே குகை விழும்.

சரிவில் வெட்டிவேர், அரை அடிக்கு ஒரு குத்து. ஜூனில் வையுங்கள், ஐப்பசிக்குள் வேர் பிடிக்க வேண்டும். உறைபனியில் இலை கருகினாலும் குத்து துளிர்க்கும். இந்தக் குளிரில் வளர்ச்சி மந்தம், முதல் வருஷம் நம்பிவிடாதீர்கள். கிக்குயு கரையைப் பிடிக்கும்தான், ஆனால் தண்டு ஓடி காரட் பாத்திக்குள் வந்துவிடும், பிறகு களையெடுத்தே ஓய வேண்டியதுதான். கரையில் யூகலிப்டஸ் வேண்டவே வேண்டாம், சாயும்போது கரையைப் பெயர்த்துக்கொண்டு போகும்.

2009 நவம்பர் 10-ல் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது போல ஒரு மழை வந்தால் இதெல்லாம் தாங்காது. வழக்கமான வடகிழக்குப் பருவத்துக்குத் தாங்கும்.

பட்டாபாஸ்கர்

ஓடை புறம்போக்கின் எல்லையை எஃப்எம்பி (புல அளவை) வரைபடத்தில் பார்த்த பிறகே கல் இறக்குங்கள், உங்கள் கரை என்று நினைப்பது அரசு நிலமாக இருக்கலாம். நீலகிரியில் ஜேசிபிக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், மரம் வெட்டவும் அப்படியே. மண்வளப் பாதுகாப்பு வேலைக்கு வேளாண்மைப் பொறியியல் துறையிடம் மனு கொடுங்கள். மனுவில் "தடுப்புச்சுவர்" என்று மட்டும் எழுதாமல், மேடை, காணா, கரை மூன்றையும் சேர்த்து வரைபடத்தோடு எழுதுங்கள்.

கேத்தி_காரட்

மழையில் போய்ப் பார்த்தேன். ரோட்டோரக் காணாவில் பிளாஸ்டிக் அடைத்து, தண்ணீர் முழுக்க என் முதல் மேடையில்தான் விழுகிறது. மேஸ்திரியை நிறுத்திவைத்திருக்கிறேன்.