வேலை இடத்தில் உங்களுக்குத் தைரியம் வந்தது எப்போது? பக்கத்தில் இருந்தவர் யார்?

கியூசி (தரம் பார்ப்பவர்), திருப்பூர்

டிப்ளமோ முடித்த கையோடு 2016-ல் ஒரு பனியன் கம்பெனியில் கியூசியாகச் சேர்ந்தேன். வயது 21. தையல் லைனில் பாதி டைலர்களுக்கு என் அம்மா வயது. பீஸை எடுத்துக்கொண்டு போய் 'இது ஆல்டர்', அதாவது திருத்தித் தைக்க வேண்டும் என்று சொல்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பயத்தை மறைக்கத்தான் குரலை உயர்த்தினேன் என்று இப்போது புரிகிறது.

ஒருமுறை 1,000 டி-சர்ட் ஆர்டர். மறுநாள் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். ஏக்யூஎல் 2.5, அதாவது எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற கணக்கில், 80 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். 5 குறை வரை பாஸ், 6 வந்தால் மொத்த லாட்டும் ஃபெயில். முன்கூட்டி நானே 80 எடுத்துப் பார்த்தேன். 9 பீஸில் தோள் தையல் ஓரமாகக் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை. நேராக ஓவர்லாக் மிஷின் அக்காவிடம் போய், லைனே திரும்பிப் பார்க்கிற மாதிரி 'என்ன தைக்கிறீங்க?' என்று கத்திவிட்டேன்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. மிஷினை நிறுத்தி, ஊசியைக் கழற்றி, முனையைத் தன் கட்டைவிரல் நகத்தின் மேல் மெதுவாக இழுத்தார். வெள்ளையாக ஒரு கீறல். அப்புறம் என் கையை நீட்டச் சொல்லி என் நகத்திலும் இழுத்தார். சொரசொரவென்று இருந்தது. 'முனை கெட்டுப்போச்சுங்க தம்பி. துணியோட கண்ணி வெலகி வழி விடாம அறுந்துபோகுது. காலைலயே புது ஊசி கேட்டனுங்க. ஒடைஞ்ச ஊசி இருந்தாத்தான் தருவோம்னுட்டாங்க.'

உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் நோட்டில் ஒட்டிய பிறகே புது ஊசி தர வேண்டும் என்பது துணிக்குள் துண்டு போய்விடக் கூடாது என்பதற்கான விதி. நல்ல விதிதான். ஆனால் மழுங்கிய ஊசியை மாற்றித் தரக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. நானே ஸ்டோருக்குப் போய் முனை உருண்டையான பால்பாயின்ட் ஊசி வாங்கி வந்து, அதே லைன் முன்னால் 'தப்பு என்னோடதுங்க அக்கா' என்றேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து ஏதாவது சரியில்லை என்றால் 'தம்பி, இங்க வாங்க' என்று அவர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஸ்டாஃப் நர்ஸ், மதுரை

எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு டூட்டி டாக்டரை எழுப்பத்தான் பயம். திட்டு வாங்குவோமோ என்று போனைக் கையிலேயே வைத்திருப்பேன். சீனியர் சிஸ்டர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதவைத்தார்: பெட் நம்பர், பிபி, பல்ஸ், என்ன கேஸ், இப்போது என்ன மாறியிருக்கிறது, உங்களிடம் என்ன வேண்டும். 'இதைப் படிம்மா, போதும்' என்றார். முதல் இரண்டு முறை போன் பேசி முடிக்கும்வரை என் பக்கத்திலேயே நின்றார். நின்றதுதான் பெரிய விஷயம்.

டைலர், அவிநாசி

மேலே எழுதிய தம்பிக்கு. நான் 14 வருஷமாக மிஷினில் உட்காருகிறவள். எங்களுக்குப் பீஸ்ரேட், தைத்த பீஸுக்குத்தான் கூலி; ஆல்டர் பார்க்கிற நேரத்துக்குக் காசு கிடையாது. அதைவிட வலிப்பது, பீஸை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டுவது. இப்போது எங்கள் லைனில் இருக்கிற கியூசி பெண் பக்கத்தில் வந்து குனிந்து, குறை இருக்கிற இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, 'அக்கா, இதை மட்டும் பார்த்துடுங்க' என்பாள். அவள் லீவு போட்ட அன்று எங்கள் பீஸை நாங்களே இரண்டு முறை திருப்பிப் பார்த்துத்தான் கட்டுகிறோம்.