'இதய அடைப்பு' வேண்டாம். 'துடிமின் தடை' எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஹார்ட் பிளாக் (இதயத்தின் மின்துடிப்பு மேலறையிலிருந்து கீழறைக்குச் சரியாகப் போய்ச் சேராத கோளாறு) என்பதற்குத் தமிழில் 'இதய அடைப்பு' என்று வைத்துக்கொள்ளலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை.

போன வருடம் அம்மாவை வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 34. பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு அம்மா. "உங்களுக்கும் பிளாக்குன்னு சொன்னாங்களா அக்கா? எனக்கு மூணு அடைப்பு. எண்ணெயே தொடாதீங்க" என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் வெகுநாள் அம்மா தாளித்த குழம்பைத் தொடவில்லை. என் அம்மாவுக்கு ரத்தக்குழாயில் அடைப்பே கிடையாது. மேலறையில் எழும் மின்துடிப்பு கீழறைக்கு இறங்காததுதான் கோளாறு. இரண்டையும் 'அடைப்பு' என்றே எழுதினால் இந்தக் குழப்பத்தை நாமே அச்சடித்துக் கொடுத்தது போல ஆகிவிடும்.

வலது மேலறைச் சுவரில் இருக்கும் எஸ்.ஏ. கணு என்ற சிறு திசு முடிச்சு, ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை தானாகவே மின்துடிப்பை எழுப்புகிறது. அது மேலறைகளைச் சுருங்க வைத்துவிட்டு, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையில் இருக்கும் ஏ.வி. கணுவுக்கு வருகிறது. அங்கே சுமார் 0.1 வினாடி தாமதிக்கிறது. அதற்குள் மேலறைகள் ரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ளி முடிக்கின்றன. அப்புறம் ஹிஸ் கற்றை, பர்கின்ஜி இழைகள் என்ற மின்கடத்தும் இழைகள் வழியாகக் கீழறைகள் முழுக்கப் பரவுகிறது.

அந்த ஏ.வி. கணுவுக்கு 'மதகுக்கணு' என்று எழுதி வைத்திருந்தேன். காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் வளர்ந்தவன் நான்; நிறுத்தி அளந்து விடுவது என்றால் மதகுதான் கண்முன் வரும். ஆனால் மதகு என்றதும் தண்ணீர், தண்ணீர் என்றதும் ரத்தம். பழைய குழப்பத்துக்கே திரும்பிவிடுவோம். மனமில்லாமல்தான் கைவிட்டேன். 'இதய மின்தடை' என்றும் யோசித்தேன். கரண்ட் போனால் எல்லோரும் சொல்லும் சொல்தான். ஆனால் இயற்பியல் பாடத்தில் அது ரெசிஸ்டன்ஸ்.

எனவே 'துடிமின்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். துடிப்பை உண்டாக்கும் மின்சாரம். (உடுக்கை வடிவப் பழைய தோற்கருவிக்கும் துடி என்றுதான் பெயர்; காதுக்குப் பழகிய சொல்.) துடிமின் கணு, துடிமின் பாதை, துடிமின் தடை என்று ஒரு குடும்பமே கிடைக்கிறது. பேஸ்மேக்கருக்கு 'முடுக்கி' என்பதையும் விட்டுவிடலாம். முடுக்குவது வேகத்தைக் கூட்டுவது. அந்தக் கருவியோ துடிப்பு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிறது. 'துடிமின் கருவி' போதும்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. ஹார்ட் பிளாக்கில் மூன்று நிலைகள் உண்டு. மூன்றாம் நிலையில் எதுவுமே கீழே இறங்காது, கீழறைகள் தம் போக்கில் மெதுவாகத் துடிக்கும். அம்மாவுக்கு வந்தது அது. இரண்டாம் நிலையில் சில துடிப்புகள் மட்டும் விடுபடும். இவை இரண்டுக்கும் 'தடை' சரி. முதல் நிலையில் ஒன்றுகூட விடுபடுவதில்லை, வழக்கத்தைவிடத் தாமதமாக வந்து சேர்கிறது, அவ்வளவுதான். அதை மட்டும் 'துடிமின் தாமதம்' என்று தனியாகப் பிரிக்கலாமா? நம்மில் இருக்கும் மருத்துவர்கள் சொல்ல வேண்டும்.