கார்த்தியோட ரெண்டு ஆஃபர் – குடும்ப வாட்ஸ்அப் குழு

சாந்தி அத்தை: கார்த்திக்கு ரெண்டு ஐடி வேலை வந்திருக்கு. ஒண்ணு பெர்மனன்ட், வருஷம் 9 லட்சம். இன்னொண்ணு கான்ட்ராக்ட், மாசம் 80,000. ரெண்டாவதுக்குத்தான் துள்றான். எது தேவலை?

முரளி: 9 லட்சம்னா மாசம் 75,000 கைக்கு வராது அத்தை. பேசிக் 37,500ன்னு வைங்க. கம்பெனி பங்கு பிஎஃப் 4,500, கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தர்ற தொகை) 1,804, வேரியபிள் (வேலையைப் பார்த்துத் தர்ற பகுதி) 10% போட்டா 7,500, எல்லாம் அதுக்குள்ளயே அடக்கம். அவன் பங்கு பிஎஃபும் போனா 56,700தான். வரி தனி.

சாந்தி அத்தை: அப்போ அவன் சொல்றது சரிதானே?

வாணி: அவசரப்படாதீங்க அத்தை. அந்த 80,000 சம்பளமா, ஃபீஸா? புரொஃபஷனல் ஃபீஸ்னா 10% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வரி) பிடிச்சு 72,000தான் வரும். மிச்சம் ரிட்டர்ன் போட்டாத்தான். பிஎஃப் இல்ல, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இல்ல. லீவு போட்டா அன்னிக்குக் காசு கட். மாசம் 22 நாள் கணக்குல ஒரு நாளுக்கு 3,636.

சித்தப்பா: வெண்டர் (நடுவுல ஆள் அனுப்புற கம்பெனி) பேரோல்னா, அதாவது அவங்க சம்பளப் பட்டியல்ல இருந்தா, பெரும்பாலும் பிஎஃப் உண்டு. யுஏஎன் (பிஎஃப் நம்பர்) பாஸ்புக்ல மாசாமாசம் ஏறுதான்னு பார்க்கணும். கம்பெனியே நேரா ஃபிக்ஸட் டெர்ம்ல (குறிப்பிட்ட காலத்துக்கு) எடுத்தா இன்னும் நல்லது. 2025 நவம்பர் 21ல புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலானதுல இருந்து, ஒரு வருஷம் முடிச்சாலே கிராஜுவிட்டி. முன்னாடி 5 வருஷம்.

முரளி: கான்ட்ராக்ட்ல மனசு நோகுறது பணத்துல இல்ல. ஐடி கார்டு கயிறே வேற கலர். டவுன்ஹால் (எல்லாரையும் கூப்பிடுற மீட்டிங்), டிரெய்னிங்னு எதுலயும் பேர் வராது. ஆனா டிக்கெட்டும் (சரிபண்ண வேண்டிய கோளாறு) நைட் டிப்ளாய்மென்ட்டும் (ராத்திரி சாஃப்ட்வேர் ஏத்துற வேலை) மட்டும் பங்கு பிரிச்சுக் கிடைக்கும்😄 டைம்ஷீட்டை மேனேஜர் அப்ரூவ் பண்ணலன்னா வெண்டர் பில் போட மாட்டான், சம்பளம் தள்ளிப் போகும்.

வாணி: பெர்மனன்ட்ல பெஞ்ச் (புராஜெக்ட் இல்லாம உக்கார்றது), ரேட்டிங், 90 நாள் நோட்டீஸ்னு வேற தலைவலி. கான்ட்ராக்ட்ல அப்ரைசல் அரசியல் இல்ல, அது பெரிய நிம்மதி. தெரிஞ்சே போறவங்க சந்தோஷமா இருப்பாங்க. "6 மாசத்துல பெர்மனன்ட் ஆக்கிடுவோம்"னு வாய்ப்பேச்சை நம்பிப் போறவங்கதான் நொந்து போறாங்க. ஆளைத் தன் பெர்மனன்ட்டா மாத்திக்க கிளையன்ட் (வேலை வாங்குற கம்பெனி) வெண்டருக்கு கன்வெர்ஷன் ஃபீஸ் கட்டணும்னு அக்ரிமென்ட்ல இருந்தா, இழுத்துக்கிட்டேதான் இருப்பாங்க.

சாந்தி அத்தை: என்ன கேக்கணும்னு போடுங்கப்பா, அவனுக்கு அனுப்புறேன்.

முரளி: யார் பேரோல்? பிஎஃப் உண்டா? சம்பளத்தோட லீவு எத்தனை நாள்? ரெண்டு பக்கமும் நோட்டீஸ் எவ்வளவு? ரிலீவிங் லெட்டர் யார் பேர்ல? ஃபோன்ல வேண்டாம், மெயில்ல பதில் வரணும்.

கார்த்தி: படிச்சுட்டேன் அண்ணா. ஆஃபர்ல "புரொஃபஷனல் ஃபீஸ்"னுதான் போட்டிருக்கு 😐

வாணி: அப்போ மாசம் 95,000க்குக் குறைஞ்சா கையெழுத்துப் போடாதே.